கையெழுத்துக்கு முன்னால் கற்றுக்கொடுங்கள்

பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாளில் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் முதலில் தேடுவது, இந்த வருஷம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்பதைத்தான். 2023-இல் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம் கிடைத்தது. வானம் பார்த்த பூமியில், பருத்திக் காட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் தறிக் கொட்டகையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் வாங்கித் தந்த இடம் அது.

அந்தச் சதவீதத்துக்குள் யாரும் கவனிக்காத ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள். இயந்திரவியல், மின்னியல், நெசவு, வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை என்று பள்ளிக்குப் பள்ளி பாடம் மாறும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்கள், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு வகுப்பறைப் பாடத்தோடு, வெளியே ஒரு தொழிலிடத்தில் பெறவேண்டிய உள்ளுறைப் பயிற்சியும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு 80 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் பத்து நாள். தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஊரே கேட்கிறது. அந்த 80 மணி நேரத்தில் பிள்ளை என்ன கற்றான் என்று கேட்க ஆளில்லை.

நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தெரிந்த கடைக்காரரிடம் போய்ப் பயிற்சிக் குறிப்பேட்டில் மொத்தமாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு பையன் வீட்டில் இருந்துவிடுவான். இல்லையென்றால் தினமும் போவான். கூட்டிப் பெருக்குவான், டீ வாங்கி வருவான், பார்சலை பஸ்ஸில் போடுவான். முன்னதில் அவன் கடைக்கு விருந்தாளி, பின்னதில் எடுபிடி. மாணவனாக அவனை யாரும் பார்க்கவில்லை. முதலாளியின் பொறுப்பு, மாணவனின் பொறுப்பு என்று எவ்வளவு நீட்டிப் பேசினாலும் என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர் மட்டுமே பிள்ளையை ஏற்க வேண்டும், கற்றுக்கொடுத்தவர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். அதைச் செய்த முதலாளிக்குத்தான் மாணவனிடம் ஒழுங்கையும் உழைப்பையும் கேட்கும் உரிமை உண்டு.

இந்தக் காட்டுப் பக்கத்தில் பயிற்சிக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கருவேலம். ஆங்காங்கே கரிமூட்டப் புகை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்கள் குறைவு. கரிசலில் மானாவாரியாகப் பருத்தி, சோளம், உளுந்து. பெரிய தொழிற்பேட்டை எதுவும் கண்ணில் படாது. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் இடம் நிறையவே இருக்கிறது. அருப்புக்கோட்டையில் நூற்பாலைகள் இருக்கின்றன, தறி இருக்கிறது, லேத் பட்டறை, வெல்டிங் கடை, டிராக்டர் மெக்கானிக், தையல் கூடம், அரசு மருத்துவமனை இருக்கின்றன. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மானாவாரி விவசாயத்தைப் பற்றி அறிய வேளாண் பிரிவு மாணவனுக்கு அதைவிட நல்ல இடம் தென் தமிழகத்தில் எளிதில் கிடைக்காது. இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த இடங்களில் ‘இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல முன்வரும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஒரு கடையை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அருப்புக்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார் காயில் கட்டும் கடைகள் உண்டு. கோடை ஏறினால் அங்கே எரிந்துபோன நீர்மூழ்கி மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும், மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும். தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் அதற்குக் குளிர்ச்சி. அந்தத் தண்ணீர் போனால் சூடேறிக் கருகிவிடும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்து, மீதி இரண்டில் ஓடிக் கருகும் மோட்டார்களும் உண்டு. குறைந்த மின்னழுத்தம் இன்னொரு காரணம். இந்த வறண்ட நிலத்தின் முழுக் கதையும் அந்தக் கருகிய காயிலுக்குள் இருக்கிறது.

மின்னியல் பிரிவில் படிக்கும் ஒரு பையன் இந்தக் கடைக்கு வந்தால் என்ன கற்கலாம்? மோட்டாரைப் பிரித்ததும் பழைய கம்பியை வெட்டி எறிவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், ஒரு காயில் எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது, இணைப்பு எப்படி என்று எண்ணி, அளந்து, எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணாமல் வெட்டிவிட்டால் அந்த மோட்டாரின் கணக்கே போய்விடும். பிறகு காப்புத்தாள் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியை ஒவ்வொரு துளையாகக் கோத்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து இழுக்கிற வேலை அது. உறை உரசிக் கிழிந்தால் எல்லாம் வீண். கடைசியில் மெக்கர் வைத்துக் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளியில் ஓம் விதியைப் படித்த பிள்ளைக்கு, முள் பூஜ்யத்தில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று அந்த இடத்தில்தான் உறைக்கும்.

இதே கடையில் அதே பையன் பத்து நாளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கம்பியை இழுத்துவிட்டு மட்டும் வரவும் முடியும். கை காய்த்துப் போகும். எத்தனை சுற்று என்றுகூடத் தெரியாமல் வீடு திரும்புவான். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசமெல்லாம், எண்ணும் வேலையை அவனிடம் கொடுத்தார்களா, எழுதச் சொன்னார்களா, ‘இது ஏன் எரிந்தது, நீ சொல்லு’ என்று கேட்டார்களா என்பதில் இருக்கிறது. அப்படிக் கேட்க முதலாளிக்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்.

முதலாளிகள் சொல்லும் தடைகளை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. வேலை நெருக்கும் நாளில் புதிய பிள்ளைக்குச் சொல்லித் தருவது சுமைதான். பையன் தவறாக வெட்டிவிட்டால் நஷ்டம் கடைக்கு. கையில் அடிபட்டால் ஊர் கூடி முதலாளியைத்தான் கேட்கும். அடுத்த தடையை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு மோட்டாரின் சுற்றுக் கணக்கையும் கேஜையும் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நோட்டு, காயில் கட்டுபவரின் சொத்து. அதை வெளியாளிடம் காட்ட மனசு வராது. நாளைக்கு இவனே எதிரில் கடை போட்டுவிட்டால் என்ன செய்வது? நியாயமான அச்சம். அதற்கு நான் சொல்லும் பதில்: நோட்டைக் காட்ட வேண்டாம். தன் நோட்டைத் தானே எழுதும் முறையைக் காட்டினால் போதும். பத்து நாளில் எவனும் போட்டிக் கடை போட்டுவிட முடியாது. வேலை தெரிந்த கையாள் வேண்டும் என்று தேடும்போது, முறை தெரிந்த ஒரு பையன் ஊருக்குள்ளேயே இருப்பான்.

முதலாளியின் கடமை என்ன என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. பழகுநருக்கு அந்தத் தொழிலில் பயிற்சி தரவேண்டும். முதலாளிக்கே அந்தத் தொழிலில் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்துவதும், உருப்படிக் கணக்கில் அவருக்குக் கூலி கொடுப்பதும் அந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. மாணவனின் கடமையும் அதிலேயே இருக்கிறது: மனசாட்சியோடும் முனைப்போடும் தொழிலைக் கற்க வேண்டும், வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டும், முறையான கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும்.

1986-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, பிளஸ் 2 தொழிற்கல்வி முடித்தவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2019 விதிகள் அவர்களுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தன. அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். நம்மூர் நூற்பாலைகள் இந்த வரம்புக்குள் வருபவை. ஆனால் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே பத்து நாள் பயிற்சிக்குப் போகும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. மூன்று பேர் வேலை செய்யும் காயில் கடைக்கும் இது பொருந்தாது. வயதில் சிறியவர், இடத்தில் சிறியது என்பதால் பொறுப்பும் சிறியதாகிவிடுமா? சட்டம் எட்டாத இடத்தில் அதன் நியாயத்தையாவது எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

ஜெர்மனியில் 1969-இலேயே தொழிற்பயிற்சிக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலையை மட்டுமே, பிள்ளையின் உடல் தாங்கும் அளவுக்கு மட்டுமே கொடுக்கலாம் என்கிறது அது. பயிற்சி பெறுபவர் குறிப்பேடு எழுத வேண்டும், முதலாளி அதைத் தவறாமல் பார்க்க வேண்டும். அங்கே அது பல ஆண்டுப் படிப்பு. நமக்கோ பத்து நாள். ஆனாலும் பயிற்சிக்கு உதவும் வேலை மட்டுமே என்ற அந்த ஒற்றை வரியை அருப்புக்கோட்டை பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. 1948-இல் எழுதப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, ஆபத்தான இயந்திரத்தில் இளவயதினரை நிறுத்துவதற்கு முன் அதன் ஆபத்துகளையும் அதற்கான முன்னெச்சரிக்கைகளையும் முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும், போதிய பயிற்சியோ நன்கு தெரிந்த ஒருவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்றது. முக்கால் நூற்றாண்டுக்கு முந்தைய இந்த வாசகத்தை இன்றைக்கும் எத்தனை பட்டறைகளில் கடைப்பிடிக்கிறார்கள்? 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான செய்முறை ஆகியவற்றிலிருந்து முற்றிலும் விலக்கிவைக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட மாவட்டம் நம்முடையது. பயிற்சி என்றோ பார்வையிடல் என்றோ எந்தப் பெயரிலும் ஒரு பள்ளிப் பிள்ளை அந்தப் பக்கம் போகக்கூடாது. பந்தல்குடிச் சுரங்கத்துக்கும் இதுவே பொருந்தும். அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கற்கலாம், குழிக்குள் இறங்கக்கூடாது.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தென் கொரியாவில் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் படிக்கும்போதே நிறுவனங்களுக்குக் களப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். 2017-இல் ஜேஜு தீவில் குடிநீர், பானத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியில் இருந்த மாணவன் இயந்திரத்தில் சிக்கி இறந்தான். நாடே கொதித்தது. களப்பயிற்சி என்பது வேலைக்கு ஆள் அனுப்பும் வழியாக இல்லாமல், கற்பதற்கான பயிற்சியாகவே இருக்க வேண்டும் என்று விதிகளை மாற்றினார்கள். ஆனால் 2021 அக்டோபரில் யோசு நகரத்தில் இன்னொரு மாணவன், படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்ட நீருக்குள் இறக்கப்பட்டு உயிரிழந்தான். பதினெட்டு வயதுக்குட்பட்டவரை முக்குளிக்க வைப்பதே அங்கே சட்டவிரோதம். அவனுடைய பயிற்சித் திட்டத்திலும் அந்த வேலை இல்லை. ஒப்பந்தத்தாள் இருந்தது, பள்ளி இருந்தது, அரசு விதியும் இருந்தது. அந்த நாளில், அந்த இடத்தில், ‘இது உன் வேலை இல்லை, இறங்காதே’ என்று சொல்ல ஒருவர் இல்லை. பணக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் பட்டறைகளில் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்காமல் பிள்ளையை அனுப்புவது எப்படிச் சரியாகும்?

நூற்பாலைகளைப் பற்றிப் பேசும்போது நம் பெண்கள் மனத்தில் ஓர் ஆறாத வடு இருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டத்து வறண்ட கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை மேற்கு மாவட்டங்களின் ஆலைகளுக்கு அழைத்துப்போன காலம் மிகப் பழையதல்ல. மூன்றாண்டு விடுதியில் தங்கி ஷிப்டு பார்த்தால், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது வாக்குறுதி. ஏட்டில் அவர்கள் பயிற்சியாளர்கள். செய்ததோ முழு உற்பத்தி வேலை. 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இது குறித்து வெளியிட்ட அறிக்கை, உலக ஆடை நிறுவனங்களையே பதில் சொல்ல வைத்தது. ‘பயிற்சி’ என்றதும் ஒரு தாய் தயங்கினால், அதை அறியாமை என்று சொல்லாதீர்கள். அவள் தெருவிலேயே அப்படிப் போய் உடம்பு நொந்து திரும்பிய பெண் இருப்பாள்.

அதனால் மாணவிகளைப் பயிற்சிக்கு ஏற்கும் ஆலையோ கடையோ சிலவற்றைத் தானாகவே உறுதி சொல்ல வேண்டும். பகல் நேரம் மட்டும், விடுதியில் தங்கவைப்பதில்லை, தனியாக ஒரு பெண் அல்ல, இருவராவது சேர்ந்தே. பொறுப்பாளராக ஒரு பெண் பணியாளரின் பெயர். பயன்படுத்தத் தக்க கழிப்பறை. 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் பழகுநரையும் பணியாளர் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது; பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் சொல்லலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்பதால் போக்சோ சட்டமும் உண்டு. பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஆசிரியை இதை மாணவிகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சங்கடப்பட்டு மௌனமாக இருப்பது கூடாது.

இந்த மண்ணில் பேசாமல் விடக்கூடாத இன்னொன்றும் உண்டு. ‘எந்த ஊரு தம்பி, யாரு மகன்?’ என்றுதான் இங்கே பேச்சு தொடங்கும். வாஞ்சையோடு கேட்பவர்கள் பலர். சாதியை அறியக் கேட்பவர்களும் உண்டு. எந்தப் பிள்ளையை எந்தக் கடையில் உள்ளே விடுவது, எவனுக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்பது அந்தப் பதிலில் முடிவாகும் என்றால், அந்த இடம் பயிற்சிக்குத் தகுதியற்றது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன்மீது நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைக் களைவது பற்றி 2024-இல் அறிக்கை தந்தது. உள்ளுறைப் பயிற்சி நாள்களில் பட்டறையும் பள்ளிதான். பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதைச் சொந்தக்காரர், தெரிந்தவர் என்ற தொடர்பின் வழியாக அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், சாதித் தொடர்பு உள்ளவனுக்கு நல்ல கடையும் இல்லாதவனுக்கு எடுபிடி வேலையும் கிடைக்கும். இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை பள்ளியுடையது. அதை மாணவன் தலையில் கட்டக்கூடாது.

மாணவர்களே, இனி உங்கள் பக்கம். முதலாளி நல்லவராக இருந்து, கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தும், பையன் வராமல் போன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் வந்தான், இரண்டாம் நாள் வந்தான், மூன்றாம் நாள் திருவிழா, நான்காம் நாள் மச்சான் கல்யாணம். அப்புறம் கடைசி நாளில் நோட்டோடு வந்து நிற்கிறான். அந்த ஒருவனால் அடுத்த ஆண்டு அந்தக் கடைக் கதவு உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூடிக்கொள்கிறது. வரமுடியாது என்றால் காலையிலேயே ஒரு போன் போட்டுச் சொல்வது பெரிய வேலையா? காத்திருந்து, மோட்டாரைப் பிரிக்காமல் வைத்திருந்த மனிதருக்கு நாம் தரும் மரியாதை அது.

கையில் இருக்கும் போனை வேலை நேரத்தில் பையில் வையுங்கள். சுழலும் லேத்தின் முன்னால் ஒரு கண் போனில் இருப்பது உயிர் போகும் விஷயம். தளர்ந்த சட்டை, கையில் கட்டிய கயிறு, விரித்துவிட்ட துப்பட்டா, எல்லாம் வீட்டோடு. சொல்லாமல் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். தலையை ஆட்டிவிட்டுத் தவறாகச் செய்வதுதான் முதலாளிக்கு நஷ்டம், உங்களுக்கு ஆபத்து. வாடிக்கையாளர் பெயரையும் கடையின் கணக்கையும் வெளியே பேசாதீர்கள். கூட்டிப் பெருக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். தன் வேலையிடத்தைச் சுத்தமாக வைப்பது தொழிலின் ஒரு பகுதி. பத்து நாளும் பெருக்க மட்டுமே சொன்னால் அதை ஆசிரியரிடம் சொல்வதும் உங்கள் பொறுப்புதான். சிறு கீறல் பட்டாலும் மறைக்காதீர்கள்.

குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இன்று மோட்டார் பற்றி அறிந்துகொண்டேன்’ என்று பத்து நாளும் ஒரே வரியை எழுதும் நோட்டுகள் எதற்கும் உதவாது. 5 குதிரைத்திறன் மோட்டார், எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, என்ன கேஜ், எரிந்த காரணம், மெக்கர் காட்டிய அளவு என்று எழுதுங்கள். நெசவுப் பிரிவு மாணவி என்றால் பாவில் எத்தனை இழை, நூல் எந்த நம்பர், எங்கே அறுந்தது, எப்படி முடிச்சுப் போட்டாள் என்று எழுதட்டும். செய்யாததை எழுதாதீர்கள். பதினேழு வயதில் செய்யாத வேலைக்கு முத்திரை வாங்கப் பழகினால், இருபத்தேழு வயதில் சோதிக்காத மோட்டாருக்கு ரசீது எழுதுவீர்கள். அதை நம்பிக் கடன் வாங்கிய பணத்தோடு கிணற்றடியில் நிற்பவர் உங்கள் ஊர் சம்சாரிதான்.

பள்ளிக்கும் அரசுக்கும் உள்ள பங்கு சின்னதல்ல. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978-லிருந்தே தொழிற்கல்விப் பிரிவு உண்டு. அதே ஆண்டு மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியில் தொழிலுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று அறிக்கை தந்தது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேரைத் தொழிற்கல்விக்குக் கொண்டுவருவோம் என்றது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், பிரிவையே மூடிவிட்ட பள்ளிகள் மாநிலமெங்கும் இருக்கின்றன. இருக்கும் ஒரே ஆசிரியர் வகுப்பும் எடுத்து, பத்துக் கடைகளுக்கும் போய்ப் பார்த்து வருவது எப்படி? அவருக்கு அந்த நாள்களில் வேறு பணி தரக்கூடாது, பயணப்படி தரவேண்டும்.

போக்குவரத்தும் அப்படித்தான். மாணவரின் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழித்தடத்துக்கு உரியது. பரளச்சிப் பக்கத்துப் பையனுக்குத் திருச்சுழியில் பள்ளி, அருப்புக்கோட்டையில் கடை என்றால், அந்தக் கூடுதல் தூரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். காலையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிய ஊர்கள் உண்டு. பத்து நாள் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குச் சுமை. பாதிப் பிள்ளைகள் வராமல் கையெழுத்து மட்டும் வாங்குவதற்குச் சோம்பலைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பயிற்சி நாள்களுக்கென்று தற்காலிகப் பாஸ் தருவது போக்குவரத்துக் கழகத்துக்குக் கடினமல்ல. மதியம் ஒரு வேளைச் சாப்பாட்டை முதலாளி கொடுக்கலாம். இந்த ஊரில் வந்த பிள்ளையைப் பட்டினி போடும் முதலாளியை நான் பார்த்ததில்லை. பிள்ளை உற்பத்தி வேலையில் கை கொடுத்தால், அதற்கு உரிய பணத்தையும் கொடுப்பதே முறை. ‘படிக்கிற பையன்தானே’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது.

விருதுநகர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே நிலமும் சலுகையும் பெறப்போகும் ஒவ்வொரு நிறுவனமும், சுற்றியுள்ள அரசுப் பள்ளித் தொழிற்கல்வி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சியிடம் ஒதுக்க வேண்டும் என்பதை இப்போதே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். ஆலை ஓடத் தொடங்கி, வெளியூரிலிருந்து ஆள் இறக்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இப்போதைக்கு வேண்டியது ஒரே பக்கத்தில் ஓர் உடன்படிக்கை. தமிழில், தெளிந்த எழுத்தில். முதலாளி, பள்ளி, மாணவன், பெற்றோர் ஆகிய நால்வரும் படித்துப் பார்த்து, முதல் நாளே கையெழுத்திட வேண்டும். கடையில் சொல்லித்தரப் பொறுப்பேற்பவர் யார், பத்து நாளில் மாணவன் கற்கவேண்டிய நான்கைந்து வேலைகள் எவை, தொடவே கூடாத இயந்திரங்கள் எவை, வேலை நேரம் எது, அடிபட்டால் யார் எங்கே அழைத்துப்போவது, செலவு யாருடையது, ஆசிரியர் வரும் நாள்கள் எவை என்பவை அதில் இருக்கட்டும். கடைசி நாள் சான்றிதழில் ‘திருப்திகரம்’ என்ற சொல் வேண்டாம். இந்த மாணவர் யார் துணையும் இல்லாமல் இன்ன இன்ன வேலையைச் செய்கிறார் என்று முதலாளி தன் கையால் எழுதட்டும். பிளஸ் 2 முடித்து, பழகுநர் இடம் தேடி ஓர் ஆலை வாசலில் நிற்கும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தத் தாளையும் அவன் நீட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்டத்துக்கு ஊர்ப் பட்டறைக்காரர்களையும் தறிக்காரர்களையும் அழைத்து இதைப் பேசலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் தொழிற்கல்விப் பிரிவுள்ள பள்ளிகளுக்கு இந்த ஒரு பக்கத் தாளை அச்சடித்து அனுப்ப முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு வாரம் போதும். அடுத்த அணி பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.